'ஸ்பீட்' என்று சொல்ல வேண்டியவன்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டு ஹாலில் ஒரு பீரோ உண்டு. சில மாதங்கள் அந்தப் பீரோவின் கதவுகள்மேல் ஒரு விமானத்தின் காக்பிட் ஒட்டியிருந்தது. நிஜ அளவில் அச்சடித்த படம். முத்தாபுதுப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் போடும் கடைக்கு அதைக் கொண்டுபோனபோது கடைக்காரர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல தலைவர் போட்டோ எங்க வைக்கணும்?" என்று கேட்டார். தலைவர் யாரும் வேண்டாம், இப்படியே போட்டுக் கொடுங்கள் என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

படத்துக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் நண்பன். இருவரும் அச்சடித்த பொத்தான்களை விரலால் தொட்டுத் தொட்டு, எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று உருப்போடுவோம். பைலட் வேலைக்குச் சேர்கிற எல்லோருமே வீட்டுச் சுவரில் இப்படி ஒரு படத்தை ஒட்டிக்கொண்டுதான் படிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அத்தனை அகலமான சுவர் காலியாக இல்லை, அதனால் பீரோ.

"ஏட்டி, ஒரு சேலை எடுக்கணும்னா உங்க பிளேனு எறங்குறவரைக்கும் நான் காத்துக் கெடக்கணுமா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்பாள். அப்பாவுக்கு இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து அவர்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அம்மாவின் பேச்சு மட்டும் இன்னும் ஆவடி ஸ்டேஷனில் வந்து இறங்கவில்லை.

என் நண்பனுக்குக் குமணன்சாவடி. அவன் அப்பா பெங்களூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். சின்ன ஊர்களுக்கு ப்ரொப்பெல்லர் விமானம் ஓட்டும் சின்ன நிறுவனம். சிமுலேட்டர் பயிற்சியில் இருவர் இருவராகப் பிரித்தபோது அவன் எனக்கு ஜோடியாக வந்தான். முதல் நாளே என்னை 'மாமே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பொம்பளைப் பிள்ளையை இதென்ன மாமே என்று அம்மா கேட்டதற்கு, "காக்பிட்ல ஆம்பள பொம்பள இன்னா கீதும்மா, லெஃப்ட் சீட்டு ரைட் சீட்டுதான்" என்றான். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் வந்தால் தோசை மெத்தென்று வரும், எனக்கு மட்டும் ஓரம் கருகியது வரும்.

சிமுலேட்டரில் அவன் என்னைவிட நன்றாக ஓட்டுவான். தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எனக்குத் தன்னடக்கம் கிடையாது. காற்று குறுக்கே அடிக்கும்போது அவன் கை செய்கிற வேலையை என் கை செய்ய ஆறு மாதம் பிடித்தது. ஆகவே பின்னால் நடந்ததை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை.

சிமுலேட்டர் முடிந்தால் நிஜ விமானம், நிஜப் பயணிகள். இடது இருக்கையில் பயிற்சி தருகிற கேப்டன், வலது இருக்கையில் நாம். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்து, ஏதாவது எல்லை மீறினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேகம் கூடிவிட்டால் 'ஸ்பீட்'. ஆயிரம் அடிக்கு வந்த பிறகும் வேகம், சக்கரம், இறக்கையில் விரிகிற மடிப்பு எல்லாம் சரியாக அமையவில்லை என்றால் 'கோ அரவுண்ட்'. அதாவது இறங்குவதைக் கைவிட்டு, மேலே ஏறி, சுற்றிவந்து மறுபடி முயல வேண்டும். ஓட்டுகிறவர் கேப்டனே ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதில் இரண்டாம் பேச்சே இல்லை.

ஆனால் புத்தகமா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது? ஆளுக்கொரு கேப்டன், கேப்டனுக்கொரு ராகம். ஒருவருக்குச் சக்கரத்தை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும், இன்னொருவருக்கு அது கோழைத்தனம். ஒருவர் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டு என்பார், மறுநாள் வருகிறவர் "யாரைக் கேட்டு அணைச்ச?" என்பார். வேலை அட்டவணை வெளியானதும் புதியவர்கள் ஒருவருக்கொருவர் போன் அடித்துக் கேட்கும் முதல் கேள்வி வானிலை எப்படி என்பதல்ல. "நாளைக்கு யாரு?" என்பதுதான். பெயர் தெரிந்ததும், அவரோடு ஏற்கெனவே பறந்தவன் அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒப்பிப்பான். மாமியார் வீட்டுக்குப் புதிதாகப் போகிறவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

கேப்டன்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கென்றே பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பார். நிறுவனம் மளமளவென்று வளர்ந்துவிட்டது, பயிற்சி தர ஆட்கள் போதவில்லை. ஒருவர் ராணுவத்திலிருந்து வந்தவர், ஒருவர் பெரிய ஜெட்டிலிருந்து, இன்னொருவர் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து. ஒவ்வொருவரிடமும் அவரவரை என்றைக்கோ ஒரு நாள் காப்பாற்றிய பழக்கம் ஒன்று இருக்கிறது. உயிரைக் காப்பாற்றிய பழக்கத்தை யார்தான் விடுவார்கள்? ஆனால் அவர்களை எல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்து, 'ஐயா, இனிமேல் எல்லோரும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அட்டவணை எப்படி விழுந்ததோ, முக்கால்வாசி நாள் எனக்கு ஒரே கேப்டன். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வார். நேற்றுத் திட்டியதற்கே இன்றும் திட்டுவார். எவ்வளவு நிம்மதி தெரியுமா அது. நான் சீக்கிரமே தேறி, முழு அந்தஸ்தோடு வலது இருக்கையில் உட்கார ஆரம்பித்துவிட்டேன். என் நண்பனுக்கோ ஒரே வாரத்தில் மூன்று கேப்டன், மூன்று ராகம்.

அவனுக்குச் சறுக்கியது 'ஸ்பீட்' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான். ஒரு நாள் தேர்வில் கேப்டன் ஓட்டிவந்தபோது வேகம் சற்றே கூடியது. இவன் 'ஸ்பீட்' என்றான். "தம்பி, எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னான். இறங்கிய பிறகு, இவன் தேவையில்லாமல் பேசிக் கவனத்தைக் கலைக்கிறான் என்று எழுதிவிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சும்மாவா. சரி, வாயை அடக்கிக்கொள்வோம் என்று அடுத்த தேர்வில் அடக்கிக்கொண்டான். அந்தக் கேப்டன் வேறு ஆள். "வேகம் கூடினது உனக்குத் தெரியலையா? பொம்மை மாதிரி உட்கார்ந்து வர்றதுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்டு, தேறவில்லை என்று எழுதினார். அதற்கடுத்த தேர்வில் சொல்வதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கடைசியில் சொன்னான். 'தாமதம்' என்று அதிலும் தேறவில்லை.

நிறுவனத்தில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதிலும் தவறினால் வேலை போய்விடும். ஒரு கம்பெனியில் தேறாமல் வெளியே அனுப்பப்பட்டவனை இன்னொரு கம்பெனி தொடுமா? டயர் கடைக்காரர் மகன் பைலட் ஆகிவிட்டான் என்று குமணன்சாவடி சிக்னலில் பூ விற்கும் அம்மா வரைக்கும் தெரியும். அவனுக்கு அதுதான் பெரிய பாரம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே பயிற்சி அலுவலகத்துக்குப் போய், அட்டவணை போடுகிறவரிடம் சண்டைக்கு நின்றேன். ஒரே கேப்டனோடு தொடர்ந்து நாலு நாள் போட்டால் இவன் தேறிவிடுவான், இதுகூடவா உங்களுக்குத் தெரியாது என்று கத்தினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். மேஜையில் அவருடைய மதியச் சாப்பாடு திறந்தபடி ஆறிக்கிடந்தது.

"தெரியாம என்னம்மா. அந்தப் பையன் நல்லா ஓட்டுறவன்னும் தெரியும். நாலு நாள் சேர்ந்தாப்ல ஒரே கேப்டனைக் குடுக்க எங்கிட்ட கேப்டன் எங்க இருக்காரு, சொல்லு?" என்றார்.

கடைசியில் அவரால் முடிந்த ஒன்றைச் செய்தார். தேறாதவன் பறக்கும்போது, பாதுகாப்புக்கென்று தேறிய பைலட் ஒருவர் பின்னால் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து வர வேண்டும். அந்தக் கடைசித் தேர்வுக்கு என்னைப் போட்டார்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேப்டன்போல இடது பக்கம் உட்கார்ந்து எதையாவது தப்பாகச் செய்வேன். அவன் மீட்டரைப் பார்க்காமல் நான் கோபமாக இருக்கிறேனா என்று பார்ப்பான். இத்தனை மாதப் பயிற்சி அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

"டேய், எம் மூஞ்சில என்ன ஸ்பீடா எழுதி ஒட்டியிருக்கு? புக்கு என்ன சொல்லுதோ அதைச் செய். மத்ததெல்லாம் மறந்துடு" என்றேன்.

"புக்குல கரீட்டா போட்டுக்கீது மாமே. ஆனா கையெழுத்து போடறது புக்கு இல்லியே" என்றான்.

அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "ஏல, குட்டக் குட்டக் குனியாத. வேகமாப் போனா வேகமாப் போகுதுன்னு சொல்லிப்புட வேண்டியதுதானே. இதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றாள். அவன் சிரித்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் வரப்போகிறவர் மூத்த கேப்டன். அவரைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. தேர்வு என்றால் கொக்கி போடுவார் என்பார்கள். அதாவது வேண்டுமென்றே ஏதாவது தப்புச் செய்துவிட்டு, பக்கத்தில் இருப்பவன் சொல்கிறானா என்று பார்ப்பாராம். பயணிகளை ஏற்றிக்கொண்டு யாரும் அப்படி விளையாட மாட்டார்கள், விளையாடவும் கூடாது. ஆனாலும் புதியவர்கள் அத்தனை பேரும் அதை நம்பினோம். கேப்டன்கள் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் எங்களிடம் இருந்த ஒரே விளக்கம் அதுதான். கேப்டனாவது தப்புச் செய்வதாவது, கொக்கியாகத்தான் இருக்கும்.

"நாளைக்கு அவர் என்ன தப்பு பண்ணாலும் கொக்கின்னு வெச்சுக்கோ. நீ சொல்லணும்னுதான் பண்றார். சொன்னா பாஸ்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அன்றைக்கு முதல் தடவையாகப் படத்தின் பக்கம் திரும்பினான். "அப்போ தப்பு நடந்தா குஷியாவணும்ன்ற" என்றான். அதற்குப் பிறகு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். மூன்று தடவையும் நான் தப்புச் செய்த கணத்தில் 'ஸ்பீட்' என்று கணீரென்று சொன்னான். அம்மா, இப்பத்தான் ஆம்பளைக் குரல் வருது என்றாள்.

மறுநாள் தூத்துக்குடிக்குப் போகும்போது அவன் ஓட்டினான். காற்று குறுக்கே அடித்தது, அவனுக்கா அது பொருட்டு? பூப்போல இறக்கினான். திரும்பி வரும்போது கேப்டன் ஓட்ட, இவன் கவனித்துச் சொல்ல வேண்டும். தேர்வே இனிமேல்தான் என்று மூவருக்கும் தெரியும். நான் பின்னால் மடக்கு இருக்கையில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சென்னையை நெருங்கும்போது பிற்பகல். கீழே கடல்காற்று, மேலே மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. பின்னால் ஒரு ஜெட் நெருங்கி வருகிறது, வேகத்தைக் குறைக்காமல் வாருங்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். கேப்டன் அப்படியே வந்தார். இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி பளபளத்தது. குறைக்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகும் வேகம் போதுமான அளவுக்குக் குறையவில்லை.

"ஸ்பீட்" என்றான் என் நண்பன். கேப்டனிடமிருந்து பதில் இல்லை.

கொக்கி என்றுதான் நானும் நினைத்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. நான் வாயைத் திறந்தால் அவன் தேர்வு கெட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆயிரம் அடியில் அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"ஸ்பீட்" என்றான் மறுபடி, முன்னைவிடச் சத்தமாக. "கரெக்டிங்" என்றார் கேப்டன். சரி செய்கிறேன் என்று அர்த்தம். அவர் கை எஞ்சின் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தது. கூரைகள் பெரிதாகிக்கொண்டு வந்தன.

ஆயிரம் அடியில் என் நண்பன் கேப்டன் பக்கம் திரும்பவே இல்லை. மீட்டரைப் பார்த்தபடி, "நாட் ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்றான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கேப்டன் மறுபேச்சுப் பேசாமல் நெம்புகோலை முன்னுக்குத் தள்ளினார். மூக்கு மேலே எழும்பியது, சக்கரம் உள்ளே போனது, நகரம் கீழே நழுவியது. கேப்டன் பயணிகளிடம், காற்றின் காரணமாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்குகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக அமைந்தது, இறங்கினோம்.

பயணிகள் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் கேப்டன் எழுந்திருக்கவில்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ரெண்டாவது தடவை நல்லாச் சத்தமா சொன்ன. நான் கேப்டன்னு பயம் வரலையா?" என்று கேட்டார்.

என் நண்பனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "வேணும்னே தப்பு பண்ணி டெஸ்ட் பண்றீங்கன்னு தெரியும் சார்" என்றான்.

கேப்டன் அவனைப் பார்த்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"டெஸ்ட் எல்லாம் இல்லப்பா" என்றார். "பின்னாடி வர்ற ஜெட்டையே நினைச்சிட்டு இருந்தேன். நீ முதல் தடவை சொன்னது என் காதுல விழவே இல்ல. ரெண்டாவதுக்கு வாயும் கையும் தானா பதில் சொல்லிடுச்சு, புத்தி சொல்லல. நீ கோ அரவுண்ட் சொன்னப்புறம்தான் வேகத்தைப் பார்த்தேன்." பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "நான் மூத்தவன்னு நினைச்சு நீ சும்மா இருந்திருந்தா அப்படியே இறக்கியிருப்பேன். தேங்க்ஸ் தம்பி" என்றார். இன்னொரு கேப்டனாக இருந்தால் 'ஆமாம், டெஸ்ட்தான்' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

அங்கேயே கையெழுத்துப் போட்டு, தேறிவிட்டாய் என்று அவன் கையைக் குலுக்கினார்.

கம்பெனி கார் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போரூர் வழியாகப் போனது. நான் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சொல்லிப்புட்டாம்லா?" என்று கேட்டு, அவன்கிட்ட குடு, அவன்கிட்ட குடு என்று அவசரப்பட்டாள். அவன் வாங்கி, "ஆங் ம்மா, பாஸும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்குக் காரில் அவன் குதிப்பான் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பயந்துட்டியா என்று கேட்டேன், தலையை ஆட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை.

குமணன்சாவடியில் இறங்கினான். இறங்கியவன் கதவைச் சாத்தாமல் குனிந்து நின்றான். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமே, கொக்கின்னு நெனச்சிகினுதான் அவ்ளோ தைரியமா சொன்னேன். நெஜமாவே தப்பு பண்றாருன்னு தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்துருப்பேனா?"

தொறந்திருப்ப என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவனிடம் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியலடா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றான்.